மதர்போர்டை பெஞ்ச்மார்க் செய்வது (சோதித்து அளப்பது) எப்படி?

மதர்போர்டு தானாக எந்தக் கணக்கும் போடுவதில்லை. வேலையெல்லாம் ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி தலையில்தான். அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தையும் பாதையையும் போர்டு கடைசிவரை கொடுக்கிறதா, பாதியில் கைவிரிக்கிறதா என்பதைத்தான் நாம் அளக்கப் போகிறோம்.

படி 1: பயாஸ்

பயாஸ் என்பது கணினி தொடங்கும்போது ஓடும், போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள். அதன் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு (ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டில் எக்ஸ்போ) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போடாவிட்டால் 3200 வேக டிடிஆர்4 ரேம்கள் பல 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் இரண்டு ரேம்களை ப்ராசஸர் பக்கமிருந்து 2, 4 என்ற இடங்களில் செருக வேண்டும். இடம் மாறி இரண்டும் ஒரே சேனலில் (ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதையில்) போய்விட்டால், 3200 ரேமில் விநாடிக்கு 51.2 ஜிபி இருக்க வேண்டிய தரவு வேகத்தின் உச்ச அளவு 25.6 ஜிபி ஆகிவிடும்.

இரண்டு போர்டுகளை ஒப்பிடுவதென்றால் ப்ராசஸர், கூலர், ரேம் எல்லாம் அதே பொருளாக இருக்கட்டும்.

படி 2: பத்து நிமிடச் சுமை

வெப்பம், வாட் போன்றவற்றைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64 மென்பொருளைத் திறந்து சென்சார் பட்டியலை ஓரமாக வையுங்கள். பிறகு ப்ராசஸரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23-இல் மல்டி கோர் சோதனையைப் பத்து நிமிட அமைப்பில் ஓட்டுங்கள். கடைசியில் வரும் ஸ்கோரை அப்புறம் பார்க்கலாம். இப்போது கவனிக்க வேண்டியவை ப்ராசஸரின் வாட், கோர்களின் வேகம், ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியின் வெப்பம் (மலிவான சில போர்டுகளில் இந்த சென்சாரே இருக்காது).

உதாரணத்துக்கு இன்டெல் கோர் ஐ5-12400. இதன் நீண்டநேர வரம்பு 65 வாட், குறுகிய நேர வரம்பு 117 வாட். ஆரம்பத்தில் 65-ஐத் தாண்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அங்கே வந்து நின்றால் போர்டு விதிப்படி நடக்கிறது, அவ்வளவுதான். சில போர்டுகள் இந்த வரம்பைத் தாமாகவே தளர்த்திவிடும். ஸ்கோர் கூடும், வெப்பமும் கூடும். அதைப் பார்த்து "இந்த போர்டு வேகமானது" என்று முடிவு கட்டுவது தப்புக் கணக்கு. பயாஸில் இரண்டு போர்டுக்கும் ஒரே வரம்பை வைத்து மறுபடி ஓட்டுங்கள். அதே சுமையில் வாட் 65-க்கும் கீழே சரிந்து, வேகமும் ஏறி இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: பல வேலை ஒரே நேரத்தில்

பிரவுசரின் வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் சோதனையை மூன்று முறை ஓட்டி நடு மதிப்பை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து 7-ஸிப்பில் ஒரு பெரிய ஃபோல்டரைச் சுருக்கக் கொடுங்கள், கூடவே ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு 20 ஜிபி கோப்பை நகலெடுங்கள். இரண்டும் ஓடும்போதே ஸ்பீடோமீட்டரை மறுபடி ஓட்டுங்கள். மதிப்பு இறங்கத்தான் செய்யும், அதில் பெரும்பங்கு ப்ராசஸருடையது. இரண்டாவது போர்டில் இறக்கம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதே கேள்வி. நகலெடுப்பு மட்டும் மந்தமாக இருந்தால் எஸ்எஸ்டி எந்த எம்.2 ஸ்லாட்டில் (எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடத்தில்) இருக்கிறது என்று பாருங்கள். சிப்செட் (போர்டில் உள்ள இணைப்பு சிப்) வழியாகப் போகும் ஸ்லாட், யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாவற்றோடும் ஒரே பாதையைப் பங்குபோடுகிறது. பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால் தாமதத்துக்கு எது காரணம் என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை ஓட்டுங்கள், பெரும்பாலும் ஏதாவது டிரைவர்தான் மாட்டும்.

படி 4: முடிவைப் படிப்பது

இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தை விட்டுத்தள்ளுங்கள், ஒரே போர்டிலேயே அவ்வளவு ஆடும். அதைவிடப் பெரிய சரிவென்றால், விஆர்எம் பக்கம் ஒரு ஃபேனைத் திருப்பி வைத்து பத்து நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். வாட் நிலையாக நின்றால் கோளாறு வெப்பத்தில்தான்.