பிளாஸ்டிக் மக்கு அடிக்கும் யூனிட்டில் மருத்துவ உபகரணம் செய்ய என்ன வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மோல்டிங் யூனிட் வைத்து மக்கு, டப்பா, மூடி என்று அடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, மருத்துவ உபகரணம் செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். செய்யவும் முடியும். ஆனால் எல்லாரும் முதலில் புது மெஷினுக்குத்தான் விலை கேட்கிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, பொருளைக் கடைசியில் எப்படிக் கிருமி நீக்கப் போகிறீர்கள் என்பதை.

ஏனென்றால் சாதாரண பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்குக் கிருமி நீக்கும் காமா கதிர் ஆகாது. மஞ்சளடிக்கும், அப்புறம் கிடங்கில் கிடக்கும்போதே மெல்ல மெல்ல நொறுங்கத் தொடங்கும், அனுப்பிய அன்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதிர் தாங்கும் கிரேடு தனியாக உண்டு, அதைத்தான் வாங்க வேண்டும். கிருமி நீக்க எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் பிளாஸ்டிக்குக்குப் பெரிய சேதமில்லை, ஆனால் வாயு உள்ளேயே தங்கும். அது வெளியேற நேரம் ஒதுக்கி, மிச்சம் எவ்வளவு என்று ஐஎஸ்ஓ 10993-7 என்ற சர்வதேசத் தரநிலைப்படி அளக்க வேண்டும், உறையும் வாயு உள்ளே போய்வரும் ரகமாக இருக்க வேண்டும். இது முடிவானால் கிரேடு முடிவாகும், அதை வைத்து அச்சு, அதற்குப் பிறகுதான் மெஷின்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக: 2017 மருத்துவ உபகரண விதிகளில் ஏ, பி, சி, டி என்று ஆபத்தைப் பொறுத்து நான்கு வகுப்பு. ஏ, பி இரண்டுக்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சி, டி என்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு லைசென்ஸ் தரும். உங்கள் பொருள் எந்த வகுப்பு என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

ரன்னரை (அச்சுக்குள் பிளாஸ்டிக் போகும் வழியில் உறைந்து மிஞ்சும் துண்டு) அரைத்து மறுபடி மெஷினின் ஹாப்பரில் கொட்டும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மூட்டையில் 'மெடிக்கல் கிரேடு' என்று அச்சிட்டிருப்பதும் போதாது. நிறமி, அச்சில் அடிக்கும் ஸ்ப்ரே, பொருளை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின்னில் தடவும் கிரீஸ் எல்லாம் பொருளில் ஒட்டும், அதனால் உடலுக்கு ஆகுமா என்று பார்க்கும் உயிரியல் சோதனையை, முழுதாகத் தயாரான பொருளில்தான் செய்ய வேண்டும். செல்லுக்கு நச்சா என்பதற்கு ஐஎஸ்ஓ 10993-5, ஒவ்வாமைக்கு 10993-10, எரிச்சலுக்கு 10993-23. பிளாஸ்டிக் சோதனைக்கு மதுரையில் உள்ள சிபெட் என்ற மத்திய அரசு பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரிக்கலாம். சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் நம்ம காரைக்குடியிலேயே இருக்கிறதே என்று அங்கே போய் நிற்காதீர்கள், அது மின்வேதியியல்.

தூசி புகாதபடி காற்றை வடிகட்டி வைக்கும் சுத்த அறைதான் நம்ம பக்கம் உண்மையான தலைவலி, செம்மண் தூசி அப்படி. ஐஎஸ்ஓ 8 வகுப்பு அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35,20,000-க்கு மேல் இருக்கக் கூடாது. திண்ணை, முகப்பு, வளவு என்று படிப்படியாக உள்ளே போகும் வீடு மாதிரி அறைகளை அமையுங்கள்: செருப்பு முதல் கட்டோடு சரி, உடை மாற்றுவது அடுத்தது, உள்ளறையில் காற்றழுத்தம் கூடுதலாக இருந்தால்தான் கதவைத் திறக்கும்போது காற்று வெளியே தள்ளும், தூசி உள்ளே வராது. அட்டைப்பெட்டி உள்ளே வரவே கூடாது. மல்லிகைப்பூ, முகப்பவுடர், குங்குமம், திருநீறு எல்லாம் வாசலிலேயே. இதை வேலைக்குச் சேரும் அன்றே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் மனஸ்தாபம் வரும். ஆயுத பூஜையை வெளி அறையில் வைத்துக்கொள்ளலாம், மெஷினில் சந்தனம் தடவ வேண்டாம்.

மருத்துவ உபகரணத் தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 13485 கேட்பது பெரும்பாலும் எழுத்து வேலை. எந்த லாட் பிளாஸ்டிக், எந்த மெஷின், எந்த வெப்பநிலை, யார் ஷிப்ட் என்று ஒவ்வொரு பேட்சுக்கும் பதிவு வேண்டும், நாளைக்கு ஒரு புகார் வந்தால் அந்தப் பேட்சை மட்டும் திரும்ப அழைக்க அதுதான் வழி. மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் ஆடிட்டர் ஒரே மையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். காற்று யூனிட் நின்றால் அறையின் அழுத்தம் போய்விடும்; அந்த நேரத்தில் திறந்து கிடந்த பொருளை எல்லாம் தனியாக எடுத்து அடையாளம் போட்டு வைத்துவிட்டு, துகள் அளவு பழைய நிலைக்கு வந்த பிறகே மறுபடி ஓட்டுங்கள்.