வீட்டுக் கணினிக்கு வேர்டா, லேஅவுட்டா? மென்பொருள் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ஒரு வீட்டுக் கணினியில் ஓராண்டில் தயாராகும் தாள்கள் என்னென்ன என்று பார்த்தால் பட்டியல் சிறியதுதான். டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள், மாடி போர்ஷனுக்கு வாடகை ஒப்பந்தம், வரன் பார்க்க பயோடேட்டா, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நோட்டீஸ், வியாசர்பாடி என்றால் கால்பந்துப் போட்டிக்கு ஒரு பிட் நோட்டீஸ், ராயபுரம் என்றால் கோயில் திருவிழாவுக்கோ சர்ச் திருவிழாவுக்கோ ஒரு சின்ன மலர். இதற்கு எந்த மென்பொருளும் போதுமே என்று தோன்றும். ஆனால் இந்தத் தாள்களில் பாதி வீட்டில் முடிவதில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையிலோ, தங்கசாலைப் பக்கத்து அச்சகத்திலோ, யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பிலோதான் முடிகின்றன. கோப்பைக் கடைசியாகத் திறக்கப்போகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் மென்பொருளை முடிவு செய்வதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

டிடிபி கடையில் இருப்பதையே வீட்டிலும் போடுவது

‘அந்தக் கடையில் அழகாக வருகிறது, அதையே நம்ம லேப்டாப்பிலும் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கடையில் இருப்பது பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். 2004-இல் அடோபி அதன் வளர்ச்சியையே நிறுத்திவிட்டது. இன்று போனிலும் இணையத்திலும் புழங்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் உள்ள தமிழ் அதற்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த தமிழ் வாசகத்தை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் வரும்.

கடைக்காரர் அதில் தமிழ் அடிப்பது பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய முறை எழுத்துருக்களால். இவற்றில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி, அவ்வளவே. எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஐந்து குறிகள்தான் மிஞ்சும். கடைக்காரருக்கு இதனால் தொல்லை இல்லை. அவருடைய கணினியில் எழுத்துரு இருக்கிறது, அச்சகத்திலும் இருக்கிறது, விரல்களுக்கும் இருபது வருடப் பழக்கம். வீட்டுக்கு வந்தால்தான் இது வலிக்கும். போனில் திறந்தால் குப்பையாகத் தெரியும். கோப்புக்குள் தேட முடியாது. வாசகத்தை எடுத்து மெசேஜில் ஒட்ட முடியாது.

இன்னொரு குறும்பும் உண்டு. வேர்டில் பாமினி வைத்து அடிக்கும்போது, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வேலையைக் காட்டும். சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. ஆக, நீங்கள் அடித்த ‘தமிழ்’ கண்ணெதிரே ‘துமிழ்’ ஆகிவிடும். விசைப்பலகைதான் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கியவர்களும் உண்டு. கோளாறு ஆட்டோகரெக்டில்; ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அந்த டிக்கை எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் வீட்டில் புதிதாகத் தொடங்குகிறவர் இந்த முறைக்குள் போகவே வேண்டாம். தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

தட்டச்சுக்கென்று தனி மென்பொருள் வாங்கவும் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாகும் ஒலிப்பு முறையும் கிடைக்கும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றலாம்.

அச்சகத்தில் பாமினியில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னால்? யூனிகோடிலேயே அடித்துக் கொடுத்துவிட்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். மாற்றிய பிறகு ஆங்கிலச் சொற்கள், மேற்கோள் குறிகள் ஆகியவற்றை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்துக்குத் தனி இடமே இல்லை என்பதால், நோட்டீஸில் இருக்கும் ஆங்கிலப் பெயர் புரியாத தமிழாக உருமாறி நிற்கும். சாய்ந்த மேற்கோள் குறி இருந்த இடத்திலும் வேறு எழுத்து வந்து உட்கார்ந்திருக்கும்.

கொம்பைச் சோதிக்காமல் லேஅவுட் மென்பொருளை நம்புவது

யூனிகோட் எழுத்துரு போட்டுவிட்டால் எல்லா மென்பொருளிலும் தமிழ் சரியாக வரும் என்ற நினைப்பு தவறு. ‘செ’ என்று அடிக்கும்போது கோப்பில் முதலில் ‘ச’, பிறகுதான் கொம்பு பதிவாகிறது. திரையில் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. ‘கொ’ என்றால் ஒரு துண்டை இடப்பக்கமும் ஒரு துண்டை வலப்பக்கமும் பிரித்து வைக்க வேண்டும். இது தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தனியாகத் தொங்கும், சில சமயம் புள்ளி வட்டத்தோடு.

அதனால் எந்த மென்பொருளாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் இலவச சோதனைக் காலத்திலேயே ஒரு வரி அடித்துப் பாருங்கள்: ‘செடி, கொக்கு, கோழி, கை, பௌர்ணமி, ஸ்ரீ, க்ஷேத்திரம்’. திரையில் சரியாக இருந்தால் போதாது. பிடிஎஃப் ஆக்கி, போனில் திறந்தும் பாருங்கள். இரண்டிலும் தேறினால்தான் மற்ற வசதிகளைப் பற்றிப் பேச்சு.

இலவசமாகக் கிடைக்கும் லேஅவுட் (பக்க வடிவமைப்பு) மென்பொருளான ஸ்கிரைபஸ் இதற்கு நல்ல உதாரணம். அதன் 1.4 வரிசையில் தமிழ் உடைந்துதான் வரும். ஸ்கிரைபஸில் தமிழ் வராது என்று பழைய காணொளிகள் சொல்வது அதை வைத்துத்தான். 1.5.3-இல் எழுத்து வடிவமைக்கும் பகுதி மாறியது. நிலையான பதிப்பாக 1.6 வந்தது 2024 ஜனவரியில். இப்போது எடுக்கிறவர்கள் 1.6-க்குக் கீழே போகக் கூடாது. அடோபியின் லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில் தமிழ் உடைந்தால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். ஆனால் இன்டிசைனின் இன்றைய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், மாதச் சந்தா வேறு. வருடத்துக்கு இரண்டு நோட்டீஸ் போடும் வீட்டுக்கு அது வீண் செலவு.

எழுதும் கருவியும் அடுக்கும் கருவியும்

வேர்ட், லிப்ரேஆஃபீஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் மூன்றும் வாசகம் ஓடிக்கொண்டே போகும் வேலைக்கு உரியவை: ஒப்பந்தம், வினாத்தாள், கடிதம், கட்டுரை. ஸ்கிரைபஸ், இன்டிசைன் வகையில் ஒவ்வொரு வாசகமும் ஒரு பெட்டிக்குள் நிற்கும். பெட்டியை எங்கே வைத்தீர்களோ அங்கேயே இருக்கும். பத்திரிகை, நோட்டீஸ், மலர் எல்லாம் இதற்குத்தான். வேர்டில் படத்தைச் சுற்றி வாசகம் அமைத்து ஒரு திருவிழா மலர் செய்யப் பார்த்தால், நாலாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்ததும் ஏழாம் பக்கத்துப் படம் எங்கோ ஓடிவிடும். மறுபுறம், முப்பது பக்கக் கட்டுரையை ஸ்கிரைபஸுக்குள்ளேயே உட்கார்ந்து அடிப்பது தண்டனை. ரைட்டரில் எழுதி, பிழை திருத்தி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு ஸ்கிரைபஸில் கொண்டுவந்து அடுக்குவதுதான் முறை. அடுக்கிய பிறகு வாசகத்தைத் திருத்துவது இரட்டை வேலை.

ஒரு பக்கப் பிறந்தநாள் அழைப்புக்கு கேன்வா தாராளமாகப் போதும். அதில் ஒன்று கவனிக்க வேண்டும்: ஆங்கிலத்துக்கு மட்டுமேயான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வாசகம் அசையாமல் அப்படியே இருக்கும். அது பழுதல்ல, அந்த எழுத்துருவில் தமிழே இல்லை.

வீட்டுக்கு எதை எடுப்பது என்றால், பெரும்பாலான வீடுகளுக்கு லிப்ரேஆஃபீஸும், தேவைப்பட்டால் ஸ்கிரைபஸும் போதும். பள்ளிக்கூடமோ அலுவலகமோ வேர்ட் கோப்பையே திருப்பித் திருப்பிக் கேட்டால் மட்டும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குப் பணம் கட்டலாம். அதற்கு முன் பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கும் வேர்டைப் பார்த்துவிடுங்கள். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தால் லிப்ரேஆஃபீஸின் புதிய பதிப்பு ஏறாது, 25.8 பதிப்பு முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் கைவிட்டுவிட்டார்கள்.

கணினியை ஃபார்மட் செய்து ‘எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தருகிறோம்’ என்று ஆஃபீஸ், கோரல், ஃபோட்டோஷாப் எல்லாவற்றையும் கள்ளப் பதிப்பாக ஏற்றித் தருவதை ஏற்க வேண்டாம். அதற்கான கிராக் வேலை செய்யவே ஆன்டிவைரஸை நிறுத்திவைக்கிறார்கள். வீட்டில் பேங்க் வேலையும் அதே கணினியில்தானே நடக்கிறது.

அளவு மாறாத தமிழ்

‘சைஸை 14 ஆக்கினேன், ஆங்கிலம் மட்டும் பெரிதாகிறது’ என்ற புகாருக்குக் காரணம், வேர்டும் ரைட்டரும் தமிழைத் தனி வகை எழுத்தாக நடத்துவது. வேர்டில் கன்ட்ரோல் டி அழுத்தினால் வரும் பெட்டியில் லத்தீன் எழுத்துக்கு ஒரு எழுத்துருவும் அளவும், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கு வேறொரு எழுத்துருவும் அளவும் இருக்கும். தமிழுக்கு இரண்டாவதுதான் செல்லும். ரைட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஸ்டைலில் இரண்டு அளவையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒவ்வொரு பத்தியாகக் கையால் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் அமைப்பைப் பார்க்காமல் மென்பொருளைத் திட்டுகிறார்கள்.

இன்னொன்று, ஒடுங்கிய பத்தியில் இரண்டு ஓரமும் நேராக வர ஜஸ்டிஃபை போடுவது. ‘திருவொற்றியூரிலிருந்து’ போன்ற ஒரு சொல் வந்தாலே அடுத்த சொல்லுக்கு இடமிருக்காது; வரிக்கு நடுவே பள்ளம் விழும். நோட்டீஸுக்கு இடப்பக்க ஒழுங்கே நல்லது.

கடைக்குக் கொடுக்கும் கோப்பு

வேர்டின் டாக்எக்ஸ் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நீங்கள் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில் அது இருக்காது. விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவோ வேறெதுவோ வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறியதும் ஒரு பக்க வினாத்தாள் ஒன்றேகால் பக்கமாகும். திருத்தம் தேவையில்லாத எதையும் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும். திருத்த வேண்டியிருந்தால் டாக்எக்ஸும் கூடவே.

பக்க அளவை முதலிலேயே பாருங்கள். அமெரிக்க அமைப்பில் நிறுவிய மென்பொருள் லெட்டர் தாளில் திறக்கும்: 216க்கு 279 மிமீ. இங்கே கடையில் இருப்பது ஏ4, 210க்கு 297. கடைக்காரர் ‘ஃபிட்’ என்று அடித்தால் எல்லாமே சுருங்கும். அளவு மாறக் கூடாதென்றால் ‘ஆக்சுவல் சைஸ்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

ஓரம் வரை நிறம் போகும் அழைப்பிதழ் என்றால் வெட்டுக்காக நான்கு பக்கமும் 3 மிமீ கூடுதலாக நிறம் ஓட வேண்டும். ஏ5 என்றால் கோப்பு 154க்கு 216 மிமீ. ஸ்கிரைபஸில் ப்ளீட் என்று இதற்கு இடம் உண்டு. வேர்டில் கிடையாது; தாள் அளவையே பெரிதாக வைத்து, வெட்டும் அளவை அச்சகத்தில் சொல்ல வேண்டும். ஆண்டர்சன் தெருவில் ஆயத்த அட்டை வாங்கி அதில் அச்சடிப்பதானால் ப்ளீட் தேவையில்லை. முதலில் அட்டையை வாங்கி, அச்சிடக்கூடிய பகுதியை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் கோப்பைத் தொடங்குங்கள்.

மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் என்பதால். பத்துப் பக்கம் எழுதினால் பன்னிரண்டாகத்தான் அச்சாகும். வீட்டு பிரின்டரில் அடிக்கிறீர்கள் என்றால் ரைட்டரின் பிரின்ட் பெட்டியில், மடித்தால் வரிசையாக வரும்படி பக்கங்களை மாற்றி அடுக்கும் ‘ப்ரோஷர்’ தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கமும் அடிக்கும்போது குறுகிய ஓரம் வழியாகத் திருப்பச் சொல்லுங்கள். அச்சகத்துக்கு அப்படி மாற்றி அடுக்கிய பிடிஎஃப் கொடுக்கவே கூடாது. அவர்கள் தாங்களே அடுக்குவார்கள். நீங்களும் அடுக்கியிருந்தால் ஒன்றாம் பக்கத்துக்கு எதிரே ஐந்தாம் பக்கம் வந்து நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகவே கொடுங்கள்.

படம் 4 அங்குல அகலத்தில் வர வேண்டுமானால் 1200 பிக்சல் வேண்டும், அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். ஒரே நிறத்தில் அடிக்கும் பிட் நோட்டீஸுக்குக் கோப்பில் சிவப்பும் மஞ்சளும் போட்டால் மஞ்சள் எழுத்து தாளில் மறைந்தே போகும். எழுத்து முழுக் கறுப்பாக இருக்கட்டும்.

பப்ளிஷரில் பழைய கோப்புகள் இருந்தால்

மைக்ரோசாஃப்ட்டின் லேஅவுட் மென்பொருளான பப்ளிஷரை வீட்டுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதன் ஆயுள் 2026 அக்டோபரோடு முடிகிறது, அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் அது இருக்காது. ஏற்கெனவே அதில் செய்த பத்திரிகைகள், போட்டிச் சான்றிதழ்கள் இருந்தால் பப்ளிஷர் ஓடும்போதே பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். அது முடியாத கணினி என்றால் லிப்ரேஆஃபீஸ் டிரா அந்தக் கோப்பைத் திறக்கும். பேஜ்மேக்கர் கோப்பையும் பெரும்பாலும் திறக்கும். பெட்டிகள் சற்று நகர்ந்திருக்கலாம். பாமினி போன்ற எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் நிற்கும். அந்த வாசகத்தை எடுத்து மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ரைட்டரில் தனிக் கோப்பாகச் சேமித்துவிட்டால் அடுத்த வருட நோட்டீஸுக்குத் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.