குன்னூர்க் குளிரில் பருப்பு பர்கர்: முதல் முறை செய்பவர்களுக்கு

வீட்டில் பருப்பு பர்கர் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: தோசைக்கல்லில் போட்டதும் கட்லெட் உதிர்ந்துவிடுகிறது. எனக்கும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. மசாலாவில் பிழை இல்லை, மாவிலும் பிழை இல்லை. பருப்பில் தண்ணீர் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நான் இருப்பது குன்னூரில். மழை மாதங்களில் உப்பு ஜாடிகூடக் கசியும் ஊர். இங்கே உடையாமல் வருகிறது என்றால், கீழே கோவையிலோ மதுரையிலோ தாராளமாக வரும்.

6 பர்கருக்கு வேண்டியவை: தோல் நீக்காத முழு மைசூர் பருப்பு 1 கப் (200 கிராம்), நடுத்தர உருளைக்கிழங்கு 1, கேரட் 1, பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் 2, மிளகுத்தூள் 1 டீஸ்பூன், சீரகத்தூளும் கரம் மசாலாவும் அரை டீஸ்பூன் வீதம், கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி, ரஸ்க் தூள் அரை கப், பொட்டுக்கடலை மாவு 2 டேபிள்ஸ்பூன், உப்பு, எண்ணெய், பன் 6. கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் 3 பல் போதும், காரம் தூக்கலாக இருக்கும்.

தோல் நீக்கிய ஆரஞ்சு நிறப் பருப்பு வேண்டாம். அது சாம்பாருக்குக் கரைவது போலக் கரைந்துவிடும். பழுப்பு நிறத்தில் முழுசாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம் இருப்பதால், ஒரு பர்கர் சாப்பிட்டாலே வயிறு நிறையும்.

பருப்பை வேக வைப்பது

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இது நம்ம பருப்பு வடைதானே, ஊற வெச்சு அரைச்சாப் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வடை எண்ணெயில் முழுகி வேகும், அதனால் பச்சைப் பருப்பை அரைத்தாலும் உள்ளே வெந்துவிடும். பர்கர் கட்லெட் தடிமனாக இருக்கும், தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில்தான் வேகும். பச்சையாக அரைத்துத் தட்டினால் வெளியே சிவந்த பிறகும் நடுவில் பச்சை வாசனை போகாது. ஆகவே பருப்பை முதலிலேயே வேக வைத்துவிட வேண்டும்.

ஒரு மணி நேரம் ஊற வைத்து, 2 கப் தண்ணீர் விட்டு குக்கரில் 3 விசில். கீழே இருப்பவர்களுக்கு 2 விசிலே போதும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இன்னும் ஒரு டிகிரி குறைவு. திறந்த பாத்திரத்தில் வைத்தால் கேஸ்தான் செலவாகும். மலையில் இருப்பவர்கள் குக்கரை விட வேண்டாம். ஆவி தானாக அடங்கட்டும். ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள்: தோல் கிழியாமல் இருக்க வேண்டும், உள்ளே மாவாக நசுங்க வேண்டும்.

ஈரம் போக்குவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். வெந்த பருப்பை வடிதட்டில் கொட்டி கால் மணி நேரம் விடுங்கள். வடித்த தண்ணீர் ரசத்துக்கு ஆகும். அப்புறம் அகலமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் போட்டு, மிதமான தீயில் 6, 7 நிமிடம் கிளறுங்கள். முதலில் ஆவி புகைபோல் எழும், கரண்டி இழுத்த தடம் உடனே மூடிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஆவி குறைந்து தடம் அப்படியே நிற்கும், பருப்பு வாணலியின் ஓரத்தில் லேசாக ஒட்டத் தொடங்கும். அப்போது இறக்கிவிடலாம்.

ஆறியதும் பாதியை மத்தால் மசியுங்கள், மீதிப் பாதி முழுசாகவே இருக்கட்டும். மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் போட்டால் களிபோல் ஆகிவிடும், கடிக்கும்போது ஒன்றும் தட்டுப்படாது.

உருளைக்கிழங்கைத் தோலோடு வேக வையுங்கள், உரித்து வெட்டி வேக வைத்தால் தண்ணீர் குடித்துக்கொள்ளும். கேரட்டைத் துருவி, கையால் நன்றாகப் பிழிந்துவிடுங்கள். வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாயைப் பொடியாக நறுக்கி, வெங்காயம் சிவக்கும்வரை வதக்குங்கள்.

பிசைந்து தட்டுவது

எல்லாவற்றையும் சேர்த்து உப்பு, மசாலா, மல்லித்தழை, பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிசையுங்கள். ரஸ்க் தூளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஊட்டி வர்க்கியைப் பொடித்தும் போட்டுப் பார்த்தேன். வாசனை அருமை, ஆனால் அதில் கொழுப்பு அதிகம் என்பதால் ஈரத்தை இழுக்கவில்லை. எனவே ரஸ்க்தான்.

ஒரு உருண்டை பிடித்து அமுக்குங்கள். உள்ளங்கையில் ஒட்டினால் இன்னும் ஒரு ஸ்பூன் ரஸ்க் தூள் வேண்டும். ஓரம் வெடித்தால் ஈரம் குறைவு, கையை நனைத்துக்கொண்டு மறுபடி பிசையுங்கள். 6 பங்காக்கி, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் தட்டுங்கள். இறைச்சி கட்லெட் வேகும்போது சுருங்கும் என்பதால் பன்னைவிடப் பெரிதாகத் தட்டுவார்கள். பருப்பு அப்படிச் சுருங்காது, பன் அளவே சரி.

தட்டியதை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். டிசம்பர் ஜனவரியில் எங்கள் சமையலறை மேடையே அந்த வேலையைச் செய்துவிடும்.

சுடுவது

இரும்பு தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, தீயை மிதமாக்கி மூன்று மூன்றாகப் போடுங்கள். 4 நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் முறுகினால் கட்லெட் தானாகவே கல்லை விட்டுவிடும். திருப்பியை ஓரத்தில் நுழைக்கும்போது தடுத்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும், அந்தப் பக்கமும் 4 நிமிடம்.

பன் இனிப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாக வெட்டி, உள்பக்கம் வெண்ணெய் தடவி அதே கல்லில் வாட்டுங்கள். எங்கள் வீட்டில் கெட்டியான புதினாச் சட்னி, வட்டமாக நறுக்கிய தக்காளி, கட்லெட், வெங்காயம், மேலே லெட்டூஸ். இங்கே மார்க்கெட்டில் இங்கிலீஷ் காய்கறி விற்கும் கடைகளில் லெட்டூஸ் புதிதாகக் கிடைக்கும். கிடைக்காத ஊரில் முட்டைக்கோஸை மெல்லியதாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறி வையுங்கள். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

சுடாத கட்லெட் ஃப்ரிட்ஜில் 2 நாள் இருக்கும். இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம். ஃப்ரீசரில் இருந்து எடுத்ததை உருகவிடாமல் நேராகக் கல்லில் போட்டு, தீயைக் குறைத்து, மூடி வைத்துச் சுடுங்கள். உருகவிட்டால் மறுபடி தண்ணீர் விட்டுக்கொள்ளும்.