அழித்தால் அங்கே என்ன ஆகும்? சிங்க் மென்பொருள் தேர்ந்தெடுக்கும் முன்

காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் ஒரு கல்யாணம், ஒரு சாந்தி (மணிவிழா) என்றால் 100 ஜிபி சாதாரணமாகச் சேரும். ஆல்பம் கொடுத்துப் பல வருஷம் கழித்து, மலேசியாவிலிருந்து ஓர் ஆச்சி, "அப்பச்சி பேசின வீடியோ இருக்கா?" என்பார்கள். இல்லை என்று சொல்ல வாய் வராது.

அதனால் சிங்க் மென்பொருள், அதாவது இரண்டு இடத்தில் உள்ள கோப்புகளை ஒன்றுபோல வைக்கும் மென்பொருள், விசாரிக்கிற தம்பிகளிடம், வேகம் விலையெல்லாம் அப்புறம் என்பேன். முதல் கேள்வி: இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால், அங்கே பிரதியில் என்ன ஆகும்?

மிரர், அதாவது கண்ணாடி போல இங்கே உள்ளதை அப்படியே அங்கே காட்டும் முறை என்றால், அங்கேயும் அழியும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையை மிரர் முறையில் ஓட்டினாலும், லினக்ஸ்காரர்களின் ஆர்சிங்கை டெலீட் ஆப்ஷனோடு ஓட்டினாலும் கதை இதுதான். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) கெடுத்த கோப்பும் நல்ல பிரதியின் மேலேயே போய் உட்காரும். எதையும் தொடாமல் பட்டியல் மட்டும் காட்டும் ஒத்திகை வசதி இரண்டிலும் உண்டு. அதைப் பார்க்காமல் முதல் தடவை ஓட்டாதீர்கள்.

கட்டளை தட்டப் பிடிக்காதவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் போதும். எது போகும், எது அழியும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். செட்டிங்கில் வெர்ஷனிங்கை (பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் வசதி) தேர்ந்தெடுத்து ஒரு தனி ஃபோல்டரைக் கொடுங்கள். அழிவதும் மாறுவதும் அங்கே போய்ச் சேரும்.

கணினி இரண்டு இருந்தால், அவற்றுக்குள்ளேயே சிங்க் செய்யும் சிங்க்திங் மென்பொருள். எந்த கிளவுடிலும் கோப்பு தங்காது. வெர்ஷனிங் மட்டும் தானாக வராது. பிரதி வாங்கும் கணினியில் நாம்தான் போட வேண்டும். அனுப்பும் பக்கம் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு!

கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு. 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 100 ஜிபி ஏற 11 மணி நேரம் தாண்டும். பில்லுக்குச் சரி, வீடியோவுக்கு ஹார்டு டிஸ்க்தான். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் மட்டும் வேண்டாம், 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு அதில் ஏறாது.

மேக்கும் விண்டோஸும் கலந்து வைத்திருந்தால், "கோட்டையூர்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு சிங்க் செய்து பாருங்கள். "கோ"வில் உள்ள குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இது புரியாத மென்பொருள் இரண்டு கோட்டையூர் உண்டாக்கிவிடும். அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள்.

எதை எடுத்தாலும் டிஸ்க் இரண்டு வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்; எங்களுடையது தேவகோட்டை மாமா வீட்டில் இருக்கிறது. அவ்வப்போது அதை வேறு கணினியில் செருகி, ஏதாவது ஒரு கல்யாண வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.