கோடைக் கலை முகாமுக்கு மறுபடியும் போகிறீர்களா?

வருடா வருடம் அதே முகாமுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால், போன வருடம் செய்த ஓவியம், களிமண் பொம்மை எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். "இதுல எது பிடிச்சது, எது பாதியிலேயே நின்னுபோச்சு?" என்று கேட்டால் இந்த வருடம் எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். அதை முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லுங்கள், இதுதான் ரொம்ப முக்கியம், சொல்லாவிட்டால் ஏற்கெனவே வந்த பிள்ளையும் புதியவர்களோடு அடிப்படையிலிருந்தே தொடங்கிச் சீக்கிரம் சலித்துப்போகும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் உதவியாளராகச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தனக்குத் தெரிந்தது இன்னும் நன்றாகப் பதியும், கூச்சமும் குறையும்.

அப்புறம், முகாம் முடிந்து வரும் ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலால் மாதமும் வருடமும் எழுதி வையுங்கள் (பேனா மை சில தாள்களில் முன்பக்கம் ஊறிவிடும்). பெரிய படங்களை வைக்க இடமில்லையா, பகலில் ஜன்னலோரம் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்தால் நிறம் ஓரளவு அப்படியே வரும். சூளையில் சுடாத களிமண் பொம்மையில் மட்டும் தண்ணீர் படக்கூடாது, கரைந்துவிடும்.

உடைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அக்ரிலிக் பெயின்ட் துணியில் காய்ந்துவிட்டால் போவது கஷ்டம், போன வருடம் கறையான சட்டை இன்னும் போடும் அளவில் இருந்தால் அதையே போட்டு அனுப்புங்கள்.