ஒமேகாவில் ஒளிந்திருக்கும் 180 டிகிரி: இரட்டை விண்மீன் அட்டவணைகளைச் சேர்க்கும்போது

ஓர் இரட்டை விண்மீனின் நிறமாலை வேகங்களையும் (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்) வானில் அளந்த நிலைக்கோணங்களையும் (முதன்மையிலிருந்து துணை இருக்கும் திசை, வடக்கிலிருந்து அளந்தது) ஒன்றாக்கிச் சுற்றுப்பாதை பொருத்திய ஒருவர், "வேகப் புள்ளிகள் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன, மூன்றாவது விண்மீன் இருக்குமோ?" என்று கேட்டுக் கோப்பை அனுப்பியிருந்தார். திறக்கும் முன்பே எனக்கு விடை தெரியும், ஏனென்றால் அதே மூன்றாவது விண்மீனை நானும் ஒரு காலத்தில் 'கண்டுபிடித்திருக்கிறேன்'. அட்டவணைகளைச் சேர்க்கும்போது ஒளிந்திருந்து கடிக்கும் தவறுகள் மட்டும் இங்கே, நாளையும் ஆண்டையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் வரைபடத்திலேயே பல்லிளித்துவிடும்.

ஒமேகா யாருடையது?

எஸ்பி9 போன்ற நிறமாலை இரட்டை அட்டவணையில் உள்ள சின்ன ஒமேகா (ω, பாதையில் இரண்டும் மிக நெருங்கும் இடத்தின் திசைக்கோணம்), முதன்மை விண்மீன் (வழக்கமாக இரண்டில் பிரகாசமானது) பொது நிறைமையத்தைச் சுற்றும் பாதைக்கானது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் ஆறாவது சுற்றுப்பாதை அட்டவணையிலோ, முதன்மையை அசையாமல் நிறுத்திவிட்டு, துணை அதைச் சுற்றுவதாக வைத்துக்கொண்ட பாதைக்கானது. கைகோத்துச் சுற்றும் இருவரில் ஒருவர் இந்தப் பக்கம் என்றால் மற்றவர் எதிர்ப்பக்கம், அவ்வளவுதான் விஷயம். ஒன்றில் 40 என்றால் மற்றதில் 220. குறியீடு மட்டும் ஒன்றே.

நான் 40-ஐ அப்படியே எடுத்துப் போட்டேன். வேகக் கோடு தலைகீழானது. வீச்சு (வேகக் கோட்டின் ஏற்ற இறக்க அளவு) எதிர்க்குறியாகக் கூடாது என்று நிரலில் கட்டுப்பாடு வேறு வைத்திருந்ததால், அது வீச்சைப் பூஜ்யத்தை நோக்கி நசுக்கிக்கொண்டே போனது. நானோ இரண்டு நிறமாலைமானிகளின் பூஜ்யப்புள்ளி வேறுபாடுதான் காரணம் என்று அதற்கொரு திருத்தம் சேர்த்தேன், அப்புறம் மூன்றாவது விண்மீனையும் சேர்த்தேன், கோடும் புள்ளிகளுக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிட்டது! மூன்று வாரம் போனது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் இன்னும் மோசம், வீச்சு எதிர்க்குறியோடு அழகாகப் பொருந்திவிடும், அந்தக் குறியை யாரும் பார்ப்பதில்லை.

சரி, எப்போதும் 180 கூட்டிவிட்டால் போதுமா? போதாது, எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இங்கேதான். பெரிய ஒமேகா (Ω, பாதை வானத்தளத்தை வெட்டும் புள்ளியான கணுவின் திசை), சின்ன ஒமேகா இரண்டிலும் 180 கூட்டினால் வானில் தெரியும் பாதை மாறவே மாறாது. அதனால் வேக அளவீடு இல்லாதவரை எது ஏறு கணு (துணை நம்மைவிட்டு விலகிக் கடக்கும் கணு) என்று சொல்ல முடியாது. வழக்கப்படி 180-க்குக் கீழே உள்ளதை அச்சிட்டுவிடுவார்கள். ஆறாவது அட்டவணையில் கணுவின் பக்கத்தில் உடுக்குறி (*) இருந்தால்தான் அது வேகத்தால் உறுதியானது. ஆக, இரண்டு அட்டவணையிலும் ஒமேகா 40 என்றே இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், இரண்டு 180-கள் ஒன்றையொன்று ரத்து செய்திருக்கலாம்.

பொருத்தத் தொடங்கும் முன் ஒரே ஒரு தேதிக்குக் கையால் கணக்குப் போட்டு, முதன்மை நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று அளவீட்டோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. கோப்பு அனுப்பியவர் அதைச் செய்தார். மூன்றாவது விண்மீன் மாயமானது.

சம ஒளி ஜோடிகள்

போரிமா (கன்னி விண்மீன் குழுவில் உள்ள ஜோடி) மாதிரி இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம் என்றால், எது முதன்மை என்று மாற்றி எண்ணி நிலைக்கோணமே 180 புரண்டிருக்கலாம்.

பழைய வடக்கு

1830-இல் அளந்தவரின் வடக்கு 1830-இன் வடக்கு. அயனச் சலனத்தால் (பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால்) நிலைக்கோணம் ஆண்டுக்குச் சுமார் 0.0056 டிகிரி மாறும், அதை வல ஏற்றத்தின் சைனால் பெருக்கி நடுவரை விலக்கத்தின் (இவை இரண்டும் வானில் இடம் குறிக்கும் கோணங்கள்) கொசைனால் வகுக்க வேண்டும். சிறியதாகத் தெரிகிறதா? வல ஏற்றம் 6 மணி, விலக்கம் 80 டிகிரி என்று போட்டு 2000-க்குக் கொண்டுவாருங்கள், ஐந்து டிகிரிக்கு மேல் வரும்.

கயா தரும் அரைப் பேரச்சு

கயா விண்கலம் தரும் அந்த அளவு (நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சில் பாதி) ஒளிமையத்தினுடையது, அதாவது இரண்டின் ஒளியும் கலந்து தெரியும் புள்ளியினுடையது. துணையின் பாதை அல்ல.

பொருத்தும் ஆண்டு

விண்மீன்கள் நகர்வதால், அட்டவணை எந்த ஆண்டின் இடத்தைத் தருகிறது என்று பாருங்கள்: ஹிப்பார்க்கோஸ் விண்கலத்தினுடையது 1991.25, கயாவின் மூன்றாம் வெளியீடு 2016.0. சிக்னி 61 இதற்குள் இரண்டு பாகைத்துளிக்கு (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) மேல் நகர்ந்துவிட்டது, பழைய இடத்தில் தேடினால் வேறு யாராவதுதான் கிடைப்பார்கள்.

பாரலாக்ஸ்

ஒற்றை விண்மீன் என்று நினைத்துக் கணக்கிட்ட பாரலாக்ஸை (பூமி சுற்றுவதால் விண்மீன் இடம்பெயர்வதாகத் தெரியும் கோணம், தூரம் சொல்வது) ஜோடிக்குப் போடாதீர்கள். கயாவின் ரூவே எண் (ஒற்றை விண்மீன் மாதிரி அளவீட்டோடு எவ்வளவு ஒட்டவில்லை என்று காட்டுவது) 1.4-ஐத் தாண்டினால் குறிப்பாக. நிறைக் கணக்கில் பாரலாக்ஸின் மும்மடியால் வகுக்கிறோம்: பாரலாக்ஸ் 10 சதவீதம் குறைந்தால் மொத்த நிறை 37 சதவீதம் வீங்கிவிடும்.