வீட்டு ஆய்வகத்தில் ரவுட்டர்: கெடுத்துப் பார்த்துப் பழகும் முறை

ரவுட்டர் அமைப்பைப் பழகுவதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் வலையமைப்பைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். தொடக்கநிலைப் பயிற்சிக்கு அது தாராளமாகப் போதும். பழைய சிஸ்கோ 2811 ரவுட்டரை வாங்கி, கட்டளை கொடுப்பதற்கான கன்சோல் கேபிளை மாட்டி, புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் வேகத்தை 9600 என்று வைத்துப் பழகுவதும் நல்லதுதான்; ஆனால் அதன் ஃபேன் சத்தத்தோடு ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். எதை வாங்கினாலும் வீட்டு இணைய இணைப்போடு சேர்க்காமல் தனியே வையுங்கள். ஆய்வக ரவுட்டரில், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி ஓடினால், வீட்டிலுள்ள கைபேசிகளும் டிவியும் அதனிடமிருந்து முகவரி வாங்கிக்கொண்டு இணையமின்றி நிற்கும்.

முதலில் இரண்டு ரவுட்டர்களை 10.0.12.0/30 என்ற வலையமைப்பால் இணையுங்கள். முதல் ரவுட்டருக்குப் பின்னால் 192.168.10.0/24, இரண்டாவதற்குப் பின்னால் 192.168.20.0/24, ஒவ்வொன்றிலும் ஒரு கணினி. இருபுறமும் ஸ்டேட்டிக் ரூட் (மறுபுற வலையமைப்புக்கு நாமே எழுதிவைக்கும் வழி) கொடுத்து, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனதும், 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' கட்டளையால் சேமித்துவிடுங்கள். இதன்பிறகு செய்யும் கோளாறுகள் எதையும் சேமிக்கக் கூடாது. 'ரீலோடு' கொடுத்தால் பழைய நல்ல நிலை திரும்பிவிடும்.

இப்போது இரண்டாவது ரவுட்டரிலுள்ள ஸ்டேட்டிக் ரூட்டை மட்டும் நீக்குங்கள். முதல் ரவுட்டரிலிருந்து இரண்டாவதன் பின்னாலுள்ள கணினியான 192.168.20.10-க்குப் பிங் அடித்தால் பதில் வருகிறது. முதல் ரவுட்டரின் பின்னாலுள்ள கணினியிலிருந்து அடித்தால் வருவதில்லை. புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கணினியைச் சந்தேகிக்கிறார்கள். ரவுட்டர் தானே அனுப்பும் பிங்கில் மூல முகவரி (அனுப்புபவரின் முகவரி) 10.0.12.1, அது இரண்டாவது ரவுட்டருக்கு நேரடியாக இணைந்த வலையமைப்பு என்பதால் பதில் திரும்பிவிடுகிறது. கணினியின் 192.168.10.10-க்குத் திரும்பும் வழிதான் அங்கே இல்லை. முதல் ரவுட்டரில், கணினிப் பக்கமுள்ள அதன் முகவரியை மூலமாக வைத்து, 'பிங் 192.168.20.10 சோர்ஸ் 192.168.10.1' என்று கொடுத்தால், கணினியைத் தொடாமலே இதே கோளாறு வெளிப்படும்.

அடுத்து, அந்த ரூட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டு, முதல் ரவுட்டரின் ரூட்டை நீக்குங்கள். விண்டோஸ் கணினியில் முன்பு 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்த இடத்தில், இப்போது 192.168.10.1-இடமிருந்து 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வரும். போகும் வழி இல்லை என்றால் நம் கேட்வேயே (கணினிக்கு வெளியேறும் வாசலான முதல் ரவுட்டரே) சொல்லிவிடும். திரும்பும் வழி இல்லை என்றால் நமக்கு யாரும் சொல்வதில்லை. எதிர்முனை விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்தாலும் இதே மௌனம்தான் கிடைக்கும் என்பதால், உண்மையான கணினிகளை வைத்துப் பழகுவோர் அதை முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி, ரவுட்டரில் அடிக்கும் முதல் பிங்கில் ஒரு புள்ளியும் (பதில் இல்லை) நான்கு ஆச்சரியக்குறிகளும் (பதில் வந்தது) வந்தால் கவலைப்பட வேண்டாம்: ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்கும் ஏஆர்பியின் பதில் வருவதற்குள் முதல் பாக்கெட் விழுந்திருக்கும்.

ஸ்டேட்டிக் ரூட்டுகளை எடுத்துவிட்டு ரவுட்டர்களே வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப்-க்கு மாறியபின், ஒருபுறம் ஹலோ இடைவெளியை (அண்டை ரவுட்டருக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லும் இடைவெளி) 10 விநாடியிலிருந்து 5 ஆக்கிப் பாருங்கள். பொருந்தும் ஹலோவுக்காகக் காத்திருக்கும் டெட் நேரம் தீர்ந்ததும், அண்டை ரவுட்டர்களைக் காட்டும் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' வெறுமையாகிவிடும். 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்' விடையை இருபுறமும் அருகருகே வைத்துப் படித்தால் வேறுபாடு தெரியும்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பொருந்தாமை இதைவிட நுட்பமானது. அதற்கு, உண்மையான ரவுட்டர் மென்பொருளையே கணினியில் ஓட்டும் ஜிஎன்எஸ்3-ஐ நாடுவது நல்லது; சிஸ்கோ ரவுட்டரின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் கோப்பு முறையாகக் கிடைக்காதவர்கள், கட்டளைகள் பெரிதும் ஒத்திருக்கும் எஃப்ஆர்ஆர் என்ற கட்டற்ற மென்பொருளை அதில் ஓட்டலாம். ஒருபுறம் ஐபி எம்டியுவை 1400 ஆக்கி ஓஎஸ்பிஎஃப்-ஐ மறுபடி தொடங்கினால், நெய்பர் மறையாது. தரவுப் பரிமாற்றத்துக்கு முந்தைய எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். ஐஓஎஸ் அனுப்பும் வழக்கமான பிங் 100 பைட்டுதான் என்பதால், இணைப்பு நலமாக இருப்பதுபோலவே தோன்றும். 1400-ஆகக் குறைத்த ரவுட்டரிலிருந்து அளவு 1500 என்றும், துண்டாக்கக் கூடாது என்ற டிஎஃப் பிட்டுடனும் பிங் அனுப்பினால்தான் அது தோற்கும்.